போலந்தின் ‘ஓவாஸா’ கோடை முகாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவாஸா என்றால் என்ன?

போலந்தில் கத்தோலிக்க இளையோருக்காகக் கோடை விடுமுறையில் நடக்கும் 15 நாள் முகாம். ஓவாஸா என்ற போலிஷ் சொல்லுக்குப் பாலைவனச் சோலை என்று பொருள். முகாமை நடத்தும் அமைப்புக்கு 1976 முதல் ‘ஒளி – வாழ்வு இயக்கம்’ என்று பெயர். ஆனாலும் மக்கள் இன்றும் “பையன் ஓவாஸாவுக்குப் போயிருக்கிறான்” என்றுதான் சொல்கிறார்கள்.

முகாம் என்று நாம் சொன்னாலும் அதை நடத்துகிறவர்கள் ‘தியானம்’ என்றே அழைக்கிறார்கள். மலை ஏறுவதும் பாட்டும் விளையாட்டும் அங்கே உண்டு. ஆனால் அந்த 15 நாளின் முதுகெலும்பு செபமும் விவிலியமும் திருப்பலியும்தான். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சட்டக் காரணமும் இருந்தது. அதைக் கீழே சொல்கிறோம்.

இதைத் தொடங்கியவர் யார்?

அருள்பணி ஃபிரான்சிஷெக் பிளாஹ்னிட்ஸ்கி. 1921 மார்ச் 24 அன்று தெற்குப் போலந்தின் ரிப்னிக் நகரில் பிறந்தவர். பள்ளி நாள்களில் சாரணராக இருந்தார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது தலைமறைவு எதிர்ப்பில் ஈடுபட்டுப் பிடிபட்டு, 1940 ஜூனில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருடைய எண் 1201. பல மாதங்கள் தண்டனைப் பிரிவில் வைக்கப்பட்டார். பின்னர் 1942இல் கத்தோவிட்ஸே நகரில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்பு நிறைவேறும் நாளுக்காகக் காத்திருந்தபோது, 1942 ஜூன் 17 அன்று, சிறையறையில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் கடவுள் நம்பிக்கை பிறந்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்து மரண தண்டனை சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. போர் முடிந்ததும் குருமடத்தில் சேர்ந்தார். 1950 ஜூன் 25 அன்று குருப்பட்டம் பெற்றார்.

இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. பிற்காலத்தில் அரசு மிரட்டியபோது இவர் அசையவில்லை. மரண தண்டனைக் கைதிகளின் அறையில் மாதக்கணக்கில் இருந்த ஒருவரை அபராதச் சீட்டால் பணியவைக்க முடியாது.

முதல் முகாம் எப்போது, எங்கே நடந்தது?

1954இல், கத்தோவிட்ஸே மறைமாவட்டத்தின் பிபியேலா என்ற சிற்றூரில், பீடச் சிறுவர்களுக்காக, அதாவது திருப்பலியில் குருவுக்கு உதவும் சிறுவர்களுக்காக நடந்தது. ‘கடவுளின் பிள்ளைகள் சோலை’ என்று அதற்குப் பெயர் வைத்தார். காலம் எத்தகையது என்பதைக் கவனிக்க வேண்டும்: அந்த மறைமாவட்டத்தின் ஆயர் ஸ்தனிஸ்வாவ் ஆதம்ஸ்கியை அரசு 1952இல் வெளியேற்றியிருந்தது, அவர் 1956இல்தான் திரும்ப முடிந்தது. கத்தோலிக்க இளையோர் சங்கங்களுக்கும் 1949இல் வந்த சங்கச் சட்டத்துக்குப் பிறகு இயங்க இடமில்லாமல் போயிற்று.

அப்போது பீடச் சிறுவர் பயிற்சி என்றால் லத்தீன் பதில்களை மனப்பாடம் செய்வதும் பலிபீடத்தில் நிற்கும் ஒழுங்கும்தான். பிளாஹ்னிட்ஸ்கி வேறு வழி எடுத்தார். சாரணர் முறையிலிருந்து சிறு குழு, மூத்தவன் இளையவனை நடத்துவது, வெளியில் நடப்பது ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் தியானத்தை வைத்தார். மறையுரை கேட்டுவிட்டுப் போவதல்ல, நாள் முழுவதையும் இயேசுவின் வாழ்வு நிகழ்வு ஒன்றுக்குள் வாழ்ந்து பார்ப்பது என்பது அவருடைய எண்ணம்.

சரியாக 15 நாள் ஏன்?

செபமாலையின் 15 மறையுண்மைகளுக்காக; செபமாலை சொல்லும்போது நினைத்துப் பார்க்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகள் அவை. ஒரு நாளுக்கு ஒரு மறையுண்மை. முதல் 5 நாள் மகிழ்ச்சி நிறை மறையுண்மைகள், 6 முதல் 10 வரை துயர் நிறை மறையுண்மைகள், 11 முதல் 15 வரை மகிமை நிறை மறையுண்மைகள். வந்து சேரும் நாளையும் புறப்படும் நாளையும் சேர்த்தால் 17 நாள். 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளி நிறை மறையுண்மைகளைச் சேர்த்த பிறகும் முகாம் 20 நாளாக நீளவில்லை. பழைய 15 நாள் கட்டமைப்பே நிற்கிறது.

இதன் பலன் நேரில் பார்த்தால்தான் புரியும். மூன்றாம் நாள் மறையுண்மை இயேசுவின் பிறப்பு. எனவே ஜூலை வெயிலில் கிறிஸ்துமஸ் திருப்பலி நடக்கும். கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடுவார்கள். போலந்து வீடுகளில் கிறிஸ்துமஸ் முந்தின இரவு செய்வதுபோல் மெல்லிய அப்பத்தை ஒருவருக்கொருவர் உடைத்துக் கொடுத்து வாழ்த்துவார்கள். பத்தாம் நாள் புனித வெள்ளி, சிலுவைப்பாதை. பதினொன்றாம் நாள் உயிர்ப்பு. பதிமூன்றாம் நாள் தூய ஆவியாரின் வருகை. ஓராண்டு முழுவதும் பரவிக் கிடக்கும் திருவழிபாட்டு ஆண்டை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை இரண்டே வாரத்தில், இடையில் அறுபடாமல் கடக்கிறான். பெத்லகேமுக்கும் கல்வாரிக்கும் இடையே உள்ள தொடர்பு அப்போதுதான் அவன் கண்ணில் படுகிறது. இந்த முகாமின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான் என்பது எங்கள் கருத்து. பாட்டும் கித்தாரும் எல்லா முகாமிலும் உண்டு.

பதிமூன்றாம் நாளுக்குத் தனிப் பெயர் உண்டு: ‘சமூக நாள்’. அதுவரை தனித்தனி ஊர்களில் இருந்த அந்த வட்டாரத்து முகாம்கள் எல்லாம் அன்று ஒரே இடத்தில் கூடும். ஒவ்வொரு முகாமும் தன் மெழுகுவர்த்தியுடன் வரும். சாட்சியம் சொல்லும் நேரம், பகிர்ந்துண்ணும் உணவு, பொறுப்பேற்கும் நேரம், பொதுத் திருப்பலி என்று நாள் போகும். 50 பேர் கொண்ட முகாமிலிருந்து வந்த பிள்ளை, தன்னைப் போன்றவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதை அன்று பார்க்கிறான். கத்தோலிக்கன் என்று வெளியே சொல்லத் தயங்க வேண்டியிருந்த காலத்தில் இந்த ஒரு நாள் எவ்வளவு துணிவு தந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு நாள் எப்படி நடக்கிறது?

நேர அட்டவணை முகாமுக்கு முகாம் மாறும், உறுப்புகள் மாறுவதில்லை.

காலையில் எழுந்ததும், திருச்சபையின் அன்றாடச் செபத் தொகுப்பான திருப்புகழ்மாலையின் காலைப்புகழ். குருக்களும் துறவியரும் மட்டும் சொல்லிவந்த இந்தச் செபத்தைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்தது ஓவாஸா செய்த பெரிய காரியங்களில் ஒன்று. காலை உணவுக்குப் பின் ‘சந்திப்புக் கூடாரம்’: விவிலியத்தின் விடுதலைப் பயண நூலில் மோசே ஆண்டவரோடு பேசிய கூடாரத்தின் பெயர். விவிலியத்தோடு ஒவ்வொருவரும் தனியே, பேசாமல் செபிக்கும் நேரம் அது. புதிதாக வருபவர்களுக்குக் கால் மணி நேரம் போதும். பிறகு சிறு குழுக் கூட்டம். திருப்பலி, மதிய உணவு, ஓய்வு. பிற்பகலில் ‘திறந்த கண்களின் பயணம்’ என்ற நடை: படைப்பைக் கவனிப்பதற்காக, வேகமில்லாமல் போவது. பாட்டுப் பயிற்சி, அன்றைய திருவழிபாட்டுத் தயாரிப்பு. இரவு உணவுக்குப் பின் ஆட்டம், நாடகம், சிரிப்பு. கடைசியில் இரவுச் செபம், அதன்பின் மௌனம்.

சமையலறை வேலை, பாத்திரம் கழுவுதல், கூட்டிப் பெருக்குதல் எல்லாம் முறை வைத்துப் பிள்ளைகளே செய்வார்கள். இதற்கும் இயக்கத்தில் ‘தியாக்கோனியா’, அதாவது பணி, என்றே பெயர். உருளைக்கிழங்கு உரிப்பவரும் வாசகம் வாசிப்பவரும் ஒரே பணியின் இரு பக்கத்தில் இருப்பதாகச் சொல்லித் தருகிறார்கள்.

குழுவில் எத்தனை பேர்? யார் நடத்துவார்கள்?

ஒரு குழுவில் சுமார் 8 பேர், ஒரு அனிமேட்டர். அனிமேட்டர் பெரும்பாலும் பங்கேற்பவரைவிடச் சில வயதே மூத்தவர். இதே முகாம்களை முடித்து, தனிப் பயிற்சியும் பெற்றவர். முகாம் முழுவதற்கும் பொறுப்பான குருவை மொடரேட்டர் என்பார்கள். எட்டுக்கு மேல் அதிகம் போனால் ஓரத்தில் இருவர் வாய் திறக்காமலே 15 நாளையும் கழித்துவிடுவார்கள். நான்குக்குக் கீழே போனால் பேச்சு வறண்டுவிடும்.

க்ரோஷ்சென்கோவுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

க்ரோஷ்சென்கோ தெற்கு எல்லையில், பியெனினி மலைகளுக்கு இடையே துனாயெட்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஊர். 1960களிலிருந்து முகாம்கள் இந்த மலைக் கிராமங்களுக்கு வந்தன. ஊரில் ‘கோப்பியா கூர்கா’ என்னும் மேட்டிலுள்ள வீடு இயக்கத்தின் மையமானது. மலையைத் தேர்ந்தது அழகுக்காக மட்டுமல்ல. மலைவாழ் விவசாயிகள் ஆழ்ந்த பக்தியுள்ளவர்கள், அதிகாரிகளுக்கு எளிதில் வளையாதவர்கள். கோடையில் அறையை வாடகைக்கு விடும் வழக்கமும் அவர்களுக்கு இருந்தது. பிள்ளைகள் அந்த வீடுகளிலும் மாடங்களிலும் களஞ்சியங்களிலும் வைக்கோல் மேல் படுத்தார்கள்.

கம்யூனிஸ்ட் அரசு தடுக்கவில்லையா?

தடுத்தது, பல வழிகளில், விடாமல் தடுத்தது. இளையோர் முகாம் நடத்தும் உரிமை அரசு ஏற்ற அமைப்புகளுக்கே இருந்தது. 1961இல் மறைக்கல்வி பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டது. அது பள்ளிக்குத் திரும்ப 1990 வரை ஆயிற்று. இந்த நிலையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் குருக்களோடு இரண்டு வாரம் மலையில் இருப்பதை இரகசியக் காவல்துறை எப்படிச் சகிக்கும்?

நேரடியாகக் கைது செய்வதைவிட அலுவலக வழியில் நெருக்குவதே அவர்களுடைய முறை. சுகாதார ஆய்வாளர் வந்து சமையலறை தகுதியற்றது என்பார். தீயணைப்பு ஆய்வாளர் வந்து களஞ்சியத்தில் படுக்கக் கூடாது என்பார். தங்குபவர்களின் பெயரைக் காவலரிடம் பதிவு செய்யவில்லை என்று வீட்டுக்காரர் மேல் வழக்கு. சிறு குற்றங்களுக்கான மன்றம் அபராதம் விதிக்கும். இடம் கொடுத்த விவசாயிக்கு வீடு கட்டும் அனுமதியும் கட்டுமானப் பொருளும் கிடைக்காது என்ற மிரட்டலும் வரும். இந்தச் சரித்திரத்தில் அதிக விலை கொடுத்தவர்கள் குருக்கள் அல்ல, பெயர் பதிவாகாத அந்த வீட்டுக்காரர்கள்தான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

இதை இயக்கம் தாக்குப்பிடித்ததற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, பெயர். ‘இது முகாம் அல்ல, தியானம், திருச்சபையின் வழக்கமான மேய்ப்புப் பணி’ என்று பிளாஹ்னிட்ஸ்கி விடாப்பிடியாக நின்றார். முகாம் என்று ஒத்துக்கொண்டால் அரசு அனுமதி கேட்க வேண்டும், கேட்டால் கிடைக்காது.

இரண்டாவது, உறுப்பினர் பட்டியல் கிடையாது. சங்கம் என்றால் பதிவு வேண்டும், பதிவைக் கலைக்கலாம். தியானத்துக்கு வந்துபோனவர்களைக் கலைக்க எந்தச் சட்டமும் இல்லை. இந்தப் பாடத்தை அவர் கையைச் சுட்டுக்கொண்டு படித்திருந்தார். 1957இல் அவர் தொடங்கிய மதுவிலக்கு அறப்போரை 1960இல் அதிகாரிகள் மூடினார்கள். 1961இல் அவரைக் கைது செய்து சுமார் நான்கு மாதம் கத்தோவிட்ஸே சிறையில் வைத்தார்கள். போர்க்காலத்தில் மரண தண்டனைக்காகக் காத்திருந்த அதே சிறை.

மூன்றாவது, சிறு குழு. ஒரு வீட்டை மூடினால் எட்டுப் பேர் பக்கத்து வீட்டுக்குப் போவார்கள். ஒரு பெரிய கட்டடத்தில் எல்லாரையும் வைத்திருந்தால் ஒரே ஆணையில் முடிந்திருக்கும்.

கரோல் வொய்த்திவாவின் பங்கு என்ன?

பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆன கர்தினால் வொய்த்திவா அப்போது கிராக்கோவ் பேராயர். அவர் முகாம்களுக்கு நேரில் வந்தார். 1972 ஆகஸ்ட் 16 அன்று தில்மனோவா ஊருக்கு மேலே உள்ள ப்விஷ்ச் மலையுச்சியில் ஓவாஸா இளையோருக்குத் திருப்பலி நிறைவேற்றினார். 1973 ஜூன் 11 அன்று க்ரோஷ்சென்கோவில் அவர் முன்னிலையில் இயக்கம் திருச்சபையின் அன்னையாகிய அமலோற்பவ மரியாவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த நாளையே இயக்கம் தன் அடிப்படை நாளாகக் கொள்கிறது.

ஒரு கர்தினால் மலையேறி வந்து பிள்ளைகளோடு நிற்கும்போது, இது யாரோ ஒரு தனிக் குருவின் சட்டவிரோதக் கூட்டம் என்று அதிகாரிகள் சொல்ல முடியாமல் போனது. அவர் தந்த பாதுகாப்பு அதுதான்.

வொய்த்திவாவின் படகுப் பயணங்களும் இதுவும் ஒன்றா?

இல்லை. அவை 1950களில் அவர் தம் பல்கலைக்கழக மாணவர்களோடு போன தனிப் பயணங்கள். குரு என்று தெரியாமல் இருக்க மாணவர்கள் அவரை ‘வூயெக்’, அதாவது மாமா, என்று கூப்பிட்டார்கள். 1958இல் துணை ஆயராக நியமிக்கப்பட்ட செய்தி அப்படியொரு பயணத்தின் நடுவில்தான் அவருக்கு வந்தது. இரண்டும் ஒரே நெருக்கடியிலிருந்து பிறந்தவை, அமைப்பு வேறு.

படிநிலைகள் எவை?

சிறுவர்களுக்குக் ‘கடவுளின் பிள்ளைகள் சோலை’. அடுத்த வயதினருக்குப் ‘புதிய வழிச் சோலை’. மேல்நிலைப் பள்ளி வயதிலிருந்து ‘புதிய வாழ்வுச் சோலை’. இதில் மூன்று நிலைகள், பொதுவாக ஆண்டுக்கு ஒன்று. முதல் நிலையில் நற்செய்தி அறிவிப்பு: இயேசுவைத் தன் ஆண்டவராகவும் மீட்பராகவும் தனிப்பட ஏற்றுக்கொள்வது. இரண்டாம் நிலையில் விடுதலைப் பயண நூலின் வழியே திருமுழுக்கையும் திருவழிபாட்டையும் புரிந்துகொள்வது. மூன்றாம் நிலை திருச்சபையைப் பற்றியது; ஊர் ஊராக ஆலயங்களையும் சமூகங்களையும் சந்திப்பார்கள், ரோமில் நடப்பதும் உண்டு. படி தாண்டக் கூடாது. முதல் நிலை இல்லாமல் இரண்டாம் நிலைக்குப் போனவருக்குச் சடங்கு விளக்கம் மட்டும் மிஞ்சும்.

குடும்பங்களுக்கான கிளை 1973இல் தொடங்கியது. ‘இல்லத் திருச்சபை’ என்பது அதன் பெயர்.

முகாமில் மதுவும் புகையும் ஏன் அறவே கூடாது?

ஒழுங்கு விதி என்பதைத் தாண்டிய காரணம் இருக்கிறது. மக்கள் குடித்துக் கிடப்பது அவர்களை அடிமைப்படுத்தும் அரசுக்கு வசதி என்று பிளாஹ்னிட்ஸ்கி நம்பினார். 1979 ஜூன் 8 அன்று, திருத்தந்தையின் முதல் போலந்துப் பயணத்தின்போது, நோவி தார்க்கில் ‘மனித விடுதலைக்கான அறப்போர்’ அறிவிக்கப்பட்டது. இதில் சேர்பவர் குடிப்பதில்லை, வாங்கித் தருவதில்லை, பரிமாறுவதில்லை என்று உறுதி எடுக்கிறார். தான் குடிக்காமல் இருப்பது குடிக்கு அடிமையான இன்னொருவருக்கான காணிக்கை என்பது அதன் உட்பொருள்.

நிறுவனர் எப்படி இறந்தார்?

1981 டிசம்பரில் அவர் ரோமுக்குப் போனார். சில நாளில், டிசம்பர் 13 அன்று, போலந்தில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அவர் திரும்ப முடியவில்லை. 1982 முதல் மேற்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்பெர்க்கில் இருந்த போலிஷ் மையத்திலிருந்து பணியாற்றினார். 1987 பிப்ரவரி 27 அன்று அங்கே திடீரென இறந்தார். இயற்கை மரணம் என்று பதிவானது. இரகசியக் காவல்துறை அவரைச் சுற்றி ஆள்களை வைத்திருந்தது பின்னர் வெளிவந்தது. உடலைத் தோண்டியெடுத்து நடந்த புலனாய்வின் முடிவில், அவர் நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்டார் என்று போலந்தின் தேசிய நினைவு நிறுவனம் 2023 மார்ச்சில் அறிவித்தது.

அவருடைய உடல் 2000ஆம் ஆண்டில் க்ரோஷ்சென்கோவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2015இல், புனிதர் பட்டத்துக்கான வழியில் ஒரு படியான ‘வணக்கத்துக்குரியவர்’ என அறிவிக்கப்பட்டார்.

இன்று எப்படி நடக்கிறது?

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை மூன்று சுற்றுகள். ஒவ்வொன்றையும் ‘தூர்னுஸ்’ என்பார்கள். பெரும்பாலும் மறைமாவட்டம்தோறும் பதிவு நடக்கும். ஸ்லோவாக்கியா, செக் குடியரசு, உக்ரைன், பெலாரஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளிலும் இயக்கம் உள்ளது. அரசின் கெடுபிடி போய், பிள்ளைகளின் பாதுகாப்புக்கான விதிகள் வந்துள்ளன. இளையோர் முகாமாகக் கல்வி அலுவலகத்தில் பதிவு செய்தால், ஒரு பொறுப்பாளருக்கு 20 பிள்ளைகளுக்கு மேல் கூடாது. 10 வயதுக்குக் குறைந்தவர் இருந்தால் 15. பிள்ளைகளோடு பணியாற்றுபவர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்ப்பது கட்டாயம். பழைய நினைவில் இவற்றைத் தொல்லையாகப் பார்க்கக் கூடாது. இவை வேண்டிய விதிகள்.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

முழு விவிலியம் (புதிய ஏற்பாடு மட்டும் போதாது, இரண்டாம் நிலைக்கு விடுதலைப் பயணம் தேவை), குறிப்பேடு, பேனா, செபமாலை. கணுக்காலைப் பிடிக்கும் நடைக்காலணி, மழை அங்கி, குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை: ஜூலையிலும் மலையில் இரவு குளிரும், மழை திடீரென வரும். திருப்பலிக்கு ஒரு நல்ல உடை. பீடப் பணியாளருக்கு வெள்ளை அங்கி. வாத்தியம் தெரிந்தால் வாத்தியம். பெற்றோர் கையெழுத்திட்ட உடல்நலப் படிவத்தில் ஒவ்வாமையையும் அன்றாட மருந்தையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

இதைப் பார்த்து வேறிடத்தில் நடத்துபவர்களுக்கு எங்கே பிசகுகிறது?

முதலில் நாளைக் குறைப்பதில். 15 நாளை 5 நாளாக்கி ஒரு நாளில் மூன்று மறையுண்மைகளைத் திணித்தால் எதுவும் இறங்காது. நேரம் இல்லையென்றால் 5 நாளுக்கு மகிழ்ச்சி நிறை மறையுண்மைகளை மட்டும் எடுத்து முழுமையாகச் செய்யலாம்.

அடுத்து, மொடரேட்டரே எல்லாவற்றையும் பேசிவிடுவது. குரு ஒரு மணி நேரம் உரையாற்றினால் சிறு குழுவில் பேச எதுவும் மீதி இராது. அனிமேட்டர்களைக் கடைசி வாரம் சேர்ப்பதும் இதே விளைவைத் தரும்: தயாரிப்பில்லாதவர் கேள்வி கேட்கத் தெரியாமல் பிரசங்கம் செய்யத் தொடங்குவார். அவர்களுக்குப் பல மாதம் முன்பே பயிற்சி வேண்டும். முகாம் தொடங்குவதற்கு முன் அவர்கள் தனியே கூடிச் செபிக்கவும் வேண்டும். முகாம் நடக்கும்போதும் நாள்தோறும் அவர்கள் மட்டும் மொடரேட்டரோடு அமர்ந்து, எந்தப் பிள்ளை ஒதுங்கியிருக்கிறது, மறுநாள் என்ன மாற்ற வேண்டும் என்று பேசிக்கொள்ள வேண்டும்.

ஆறு முதல் பத்தாம் நாள் வரை சோர்வு வரும்; துயர் நிறை மறையுண்மைகளின் நாள்கள் அவை. அப்போது உற்சாகத்துக்காக ஆட்டபாட்டத்தைக் கூட்டுவது தவறு. நடையைக் குறைத்து, தூக்கத்தைக் கூட்டி, ஒப்புரவுக்கு (பாவ அறிக்கைக்கு) நேரம் ஒதுக்குவதுதான் சரியான வழி.

எல்லாவற்றிலும் பெரிய பிசகு, முகாம் முடிந்த பிறகு எதுவும் இல்லாமல் விடுவது. போலந்தில் அதே பிள்ளைகள் தங்கள் பங்கில் (உள்ளூர் ஆலயச் சமூகத்தில்) ஆண்டு முழுவதும் வாரக் குழுவாகக் கூடுகிறார்கள். அந்தக் குழுவுக்கான கிழமையும் இடமும் அனிமேட்டரும், பிள்ளைகள் முகாமுக்குப் பேருந்து ஏறுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.